கூகுள் தேடல் பெட்டியில் கணக்குப் போடுவதும் அளவு மாற்றுவதும்: முழுமையான வழிகாட்டி

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு நகல் எடுக்கும் வேலையோடு கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலையும் வந்து ஒட்டிக்கொள்ளும். பட்டாவை நீட்டி “இது எத்தனை சென்ட்டுண்ணே?” என்பார் ஒருவர். விண்ணப்பத்தில் உயரத்தை சென்டிமீட்டரில் கேட்கிறார்கள் என்று ஒரு தம்பி வந்து நிற்பான். கையில் இருக்கும் போனிலேயே கூகுளில் போட்டுப் பாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். பாதிப் பேர் அடுத்த வாரமே தப்பான விடையோடு திரும்பி வந்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்ததில், கூகுள் பெருக்கலில் சறுக்கி நான் கண்டதில்லை. நாம் கேட்டதை அது வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கும், அல்லது நாமே தப்பாகக் கேட்டிருப்போம். அந்த இரண்டையும் தவிர்க்கத்தான் இந்த வரிசை.

ஒரு குறிப்பு. மேற்கோளுக்குள் நான் தமிழில் எழுதிக் காட்டும் அலகுப் பெயர்களை நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். தமிழில் அடித்தாலும் சில சமயம் வேலை செய்யும். ஆனால் நம்பி உட்கார முடியாது.

1. பெட்டியைத் தொடுவதற்கு முன்

நெட் வேண்டும். இது போனில் இருக்கும் கால்குலேட்டர் இல்லை, தொடர்பு அறுந்தால் விடையும் வராது. விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு துண்டுத் தாள். அதில் மூன்றை எழுதுங்கள்: கையில் இருக்கும் எண், அது எந்த அலகில் இருக்கிறது, உங்களுக்கு எந்த அலகில் வேண்டும். அசட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் என் கடையில் தடுமாறியவர்களில் பலருக்கு இரண்டாவது கேள்விக்கே பதில் தெரியவில்லை. “1250 இருக்கு” என்பார்கள். சதுர மீட்டரா, சதுர அடியா என்று கேட்டால் மறுபடி பத்திரத்தைப் பிரிப்பார்கள்.

2. விடை எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று பாருங்கள்

“245*18” என்று அடித்துத் தேடினால் மேலே எண் பொத்தான்களோடு ஒரு கால்குலேட்டர் வந்து நிற்கும். அலகு மாற்றம் கேட்டால் இரண்டு கட்டங்களும் நடுவில் சமக்குறியும் கொண்ட பெட்டி வரும். இந்த இரண்டும்தான் கூகுளே போட்ட கணக்கு.

இவை வராமல், ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து வெட்டி எடுத்த வாசகமோ, ஏஐ எழுதிய பத்தியோ மேலே வந்தால் அது கணக்கு இல்லை. யாரோ வேறு எண்ணுக்குப் போட்ட விடையாக இருக்கலாம். அப்படி வந்தால் உங்கள் கேள்வியை அதற்குப் புரியவில்லை என்று எடுத்துக்கொண்டு, மாற்றிக் கேளுங்கள்.

பெட்டி வந்தபிறகும் விடையைப் பார்க்க அவசரப்படாதீர்கள். விடைக்கு மேலே சின்ன எழுத்தில் உங்கள் கணக்கைத் திரும்ப எழுதிக் காட்டியிருக்கும். “2+3*4” என்று அடித்தால் அங்கே 2 + (3 * 4) என்று அதுவாகவே அடைப்புக்குறி போட்டிருக்கும். கூகுள் புரிந்துகொண்டது அதுதான். முதலில் அந்த வரி, பிறகுதான் விடை. இந்தப் பழக்கம் ஒன்று வந்துவிட்டால் கீழே நான் சொல்வதில் பாதியைப் படிக்காமலே சமாளிக்கலாம்.

3. குறிகள்

கூட்ட +, கழிக்க -, பெருக்க *, வகுக்க /. அடுக்குக்கு (ஒரு எண்ணை அதாலேயே திரும்பத் திரும்பப் பெருக்குவதற்கு) ^. போனில் ^ கிடைக்காமல் தேடுகிறவர்கள் அடுத்தடுத்து இரண்டு நட்சத்திரம் போட்டாலும் போதும்.

எண்ணுக்கு நடுவில் கமா வேண்டாம். நாம் 1,25,000 என்று பிரிக்கிறோம், வெளிநாட்டில் 125,000 என்று பிரிக்கிறார்கள். எதற்கு வம்பு? 125000 என்று மொத்தமாக அடித்துவிட்டு, மேல் வரியில் பூஜ்யங்களை எண்ணிப் பாருங்கள்.

கழித்தல் கணக்கு சில நேரம் தேதியைப் போலவோ போன் நம்பரைப் போலவோ தெரிந்து, பெட்டி வராமல் போகும். கடைசியில் ஒரு = சேர்த்து மறுபடி தேடுங்கள், கணக்கு என்று புரிந்துகொள்ளும்.

விடை 1.2e+10 என்று வந்தால் பயப்பட வேண்டாம். 1.2-ஐ 10-இன் 10-ஆம் அடுக்கால் பெருக்கச் சொல்கிறது, அதாவது 1200 கோடி.

4. அடைப்புக்குறி: ஒரு கடன் தவணையை வைத்துப் பார்ப்போம்

5 லட்சம் கடன், ஆண்டுக்கு 9% வட்டி, 60 மாதம். மாதத் தவணை எவ்வளவு?

மாத வட்டி 9-ஐ 12-ஆல் வகுத்தால் 0.75%, அதாவது 0.0075. குறையும் அசலுக்கான சூத்திரத்தில் போட்டால் இப்படி அடிக்க வேண்டும்:

“500000*0.0075*1.0075^60/(1.0075^60-1)”

விடை ஏறத்தாழ 10,379 ரூபாய்.

இதையே கடைசி அடைப்புக்குறி இல்லாமல் அடித்தார் ஒருவர். வந்தது 3,749. “பரவாயில்லையே, நாலாயிரம்கூட இல்லையே” என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நடந்தது என்னவென்றால், மேலேயும் கீழேயும் இருந்த 1.0075^60 ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்த 3750-லிருந்து 1 கழிந்தது. கூகுளைப் பொறுத்தவரை அது சரியான விடை.

இந்த மாதிரித் தவறைப் பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டு 500000/60 போடுங்கள். 8,333 வரும். வட்டியோடு சேர்ந்த தவணை இதைவிடக் குறைவாக இருக்க முடியுமா? முடியாது. கணக்கில் வகுத்தல் கோடு வந்தாலே, அதற்குக் கீழே வரும் எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். தேவையில்லாத இடத்தில் போட்டாலும் நஷ்டம் இல்லை.

5. சதவீதம்

“15% ஆஃப் 2499” என்று அடித்தால் 374.85. நடுவில் இருக்கும் ‘ஆஃப்’ (of, ஒரே ஒரு f) என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

வரி சேர்க்க, “1000 + 18%” என்று அடிப்பதைவிட “1000*1.18” என்று பழகுங்கள். முன்னதை ஒவ்வொரு கால்குலேட்டரும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்ளும், பெருக்கலில் அந்தக் குழப்பம் இல்லை.

வரி உட்பட 1180 ரூபாய் என்று பில் இருக்கிறது, வரி இல்லாமல் எவ்வளவு? 1180-இல் 18 சதவீதத்தைக் கழித்து 967.60 என்று சொல்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். வரி போட்டது 1000-க்கு, 1180-க்கு இல்லை. “1180/1.18” என்று வகுக்க வேண்டும்.

6. அலகு மாற்றம்: கேட்கும் முறை

எண், இருக்கும் அலகு, ‘இன்’, வேண்டிய அலகு. இவ்வளவுதான்: “12 கிலோமீட்டர்ஸ் இன் மைல்ஸ்”.

அலகின் பெயரை முழுதாக எழுதுங்கள். ‘எம்’ என்ற ஒற்றை எழுத்து மீட்டரா, மைலா, நிமிடமா? நமக்குத் தெரியும், அதற்குத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

பெட்டி வந்ததும் அதன் உச்சியில் நீளம், பரப்பு, எடை, வெப்பநிலை என்று ஒரு வகைப் பட்டியல் இருக்கும். அங்கே சரியான வகை வந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டங்களுக்குக் கீழே எதால் பெருக்க வேண்டும் என்று ஒரு சூத்திரமும் காட்டும். அது தோராயமானது என்று அங்கேயே எழுதியிருக்கும். கட்டத்தில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், சூத்திரத்தைப் பார்த்துக் கையால் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

7. புள்ளி வைக்கும் இடம்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். நான் பார்த்த பெரிய தவறுகள் எல்லாம் இந்த ஒரே தவறுதான், வேறு வேறு வேஷத்தில்.

*பட்டா.* தமிழ்நாட்டுப் பட்டாவில் பரப்பு ஹெக்டேர் - ஏர் என்று இரண்டு பகுதியாக இருக்கும். “1 - 5.00” என்றால் 1 ஹெக்டேர், 5 ஏர். 100 ஏர் சேர்ந்தால்தான் 1 ஹெக்டேர். ஆகவே இது 1.05 ஹெக்டேர். இதை 1.5 என்று அடித்தால்? “1.05 ஹெக்டேர்ஸ் இன் ஏக்கர்ஸ்” கேட்டால் 2.59 ஏக்கர், 1.5 கேட்டால் 3.71 ஏக்கர். ஒரு ஏக்கருக்கும் மேல் இல்லாத நிலம் தாளில் முளைத்துவிடுகிறது. ஏர் பகுதியை எப்போதும் 100-ஆல் வகுத்து ஹெக்டேரோடு கூட்டுங்கள்: “1+5/100”.

*உயரம்.* 5 அடி 10 அங்குலம் என்பதை 5.10 என்று அடித்த தம்பிக்கு 155.4 சென்டிமீட்டர் என்று வந்தது. ஆளோ கடை வாசலில் குனிந்து நுழைகிறவன். “5 ஃபீட் 10 இன்ச்சஸ் இன் சென்டிமீட்டர்ஸ்” என்று பிரித்துக் கேட்டால் 177.8. அடிக்கு 12 அங்குலம். புள்ளிக்குப் பின்னால் வருவதோ பத்தில் ஒரு பங்கு.

*நேரம்.* 7 மணி 20 நிமிட வேலையை 7.20 என்று போட்டு, மணிக்கு 120 ரூபாய் கூலியால் பெருக்கினால் 864. சரியானது “(7+20/60)*120”, அதாவது 880. உழைத்தவனுக்கு 16 ரூபாய் நஷ்டம், யாரும் திருடவில்லை.

எடையிலும் இதே கதைதான். 2 கிலோ 50 கிராம் என்பது 2.05, 2.5 இல்லை. இரண்டு அலகாகப் பிரித்து எழுதியிருக்கும் எந்த எண்ணையும் நடுவில் புள்ளி வைத்து ஒட்டாதீர்கள்.

8. கூகுளுக்குத் தெரியாத அளவுகள்

பரப்புப் பட்டியலில் சதுர அடி, சதுர மீட்டர், ஏக்கர், ஹெக்டேர் எல்லாம் இருக்கும். சென்ட், கிரவுண்ட், ஏர் இருக்காது. சவரனும் எடைப் பட்டியலில் இல்லை. இவற்றுக்குப் பாதி வழி கூகுளோடு போய், மீதியை நாமே போட வேண்டும். மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான்: 1 ஏக்கர் 100 சென்ட், 1 சென்ட் 435.6 சதுர அடி, 1 கிரவுண்ட் 2400 சதுர அடி, 1 ஏர் 100 சதுர மீட்டர், 1 சவரன் 8 கிராம்.

பட்டாவில் “0 - 12.50” என்று இருந்தால், 12.50 ஏர் என்பது 1250 சதுர மீட்டர். “1250 ஸ்கொயர் மீட்டர்ஸ் இன் ஸ்கொயர் ஃபீட்” கேட்டால் 13,454.9. அதை 435.6-ஆல் வகுத்தால் 30.89 சென்ட். இரண்டு படி, அவ்வளவே.

9. ஒரே பெயர், இரண்டு அளவு

தங்கத்தின் உலகச் சந்தை விலையை அவுன்ஸுக்கு இத்தனை டாலர் என்று செய்தியில் சொல்வார்கள். அது டிராய் அவுன்ஸ், 31.1035 கிராம். கூகுளில் வெறுமனே ‘அவுன்ஸ்’ என்று போட்டால் அது 28.35 கிராம் கொண்ட சாதாரண அவுன்ஸை எடுத்துக்கொள்ளும். கிராம் விலையில் கிட்டத்தட்ட பத்து சதவீதம் வித்தியாசம் வரும். அவுன்ஸ் விலையை 31.1035-ஆல் வகுத்து 8-ஆல் பெருக்குங்கள், சவரன் விலை டாலரில் கிடைக்கும். நம் ஊர்க் கடை விலையில் சுங்கமும் வரியும் சேர்ந்திருக்கும் என்பதால் அதோடு ஒத்துப்போகாது.

கேலனும் அப்படித்தான். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். பெட்டியில் எந்த நாட்டுப் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். சமையல் குறிப்புகளில் வரும் கப் அளவிலும் இந்தத் தொல்லை உண்டு. கப்பைக் கிராமாக மாற்ற இந்தப் பெட்டியால் முடியாது. ஒரு கப் ரவையும் ஒரு கப் வெல்லமும் ஒரே எடையா என்ன?

இணைய வேகம் இன்னொரு பொறி. 100 மெகாபிட் இணைப்பு என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும், 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். சுருக்கெழுத்தில் பெரிய ‘பி’யா சின்ன ‘பி’யா என்பதில் இந்த வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. ‘மெகாபிட்ஸ் பெர் செகண்ட்’ என்று முழுதாக எழுதிவிடுங்கள். புதிதாக வாங்கிய 1 டெராபைட் ஹார்ட்டிஸ்க்கில் 931 ஜிபிதான் காட்டுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் “1 டெராபைட் இன் கிபிபைட்ஸ்” (gibibytes, முதல் எழுத்து g) போட்டுப் பாருங்கள். 931.3 வரும்.

10. அலகையும் சேர்த்தே கணக்குப் போடலாம்

இது பலருக்குத் தெரியாது. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

வீட்டு போர் மோட்டார் 1 குதிரைத்திறன். தினமும் 45 நிமிடம் ஓடுகிறது. நம் ஊரில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதனால் 60 நாள். “1 ஹார்ஸ்பவர் * 45 மினிட்ஸ் * 60 இன் கிலோவாட் ஹவர்ஸ்” என்று அடித்தால் 33.56 வரும். ஒரு கிலோவாட் ஹவர்தான் பில்லில் வரும் ஒரு யூனிட். நிமிடத்தை மணியாக்குவது, குதிரைத்திறனை வாட்டாக்குவது எல்லாம் அதன் பொறுப்பு.

60-க்குப் பின்னால் ‘டேஸ்’ என்று போட்டுவிடாதீர்கள். 45 நிமிடத்தை 60 நாளால் பெருக்கினால் நேரத்தை நேரத்தால் பெருக்கியதாகிவிடும். அதை யூனிட்டாக மாற்ற முடியாது, பெட்டியே வராது. இங்கே 60 என்பது எத்தனை தடவை என்ற வெறும் எண்தான்.

நிஜ பில்லில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். மோட்டாரில் எழுதியிருக்கும் குதிரைத்திறன் அது வெளியே தரும் சக்தி. உள்ளே இழுக்கும் மின்சாரம் அதைவிட அதிகம்.

11. வெப்பநிலை, பணம், கோணம்

“38 செல்சியஸ் இன் ஃபாரன்ஹீட்” கேட்டால் 100.4. இதில் சிக்கல் இல்லை. ஆனால் ‘காய்ச்சல் 2 டிகிரி செல்சியஸ் இறங்கியிருக்கிறது’ என்பதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்ற அதே பெட்டியில் 2 போட்டால் 35.6 என்று வரும். அது 2 டிகிரி என்ற வெப்பநிலையின் மாற்றம். இறக்கத்தையும் ஏற்றத்தையும் 1.8-ஆல் பெருக்க வேண்டும், அதாவது 3.6.

சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பும் மச்சானுக்கும் வீட்டுக்கும் நடுவில் சண்டை மூட்டுவது கூகுள் காட்டும் டாலர் மதிப்புதான். அது சந்தையின் நடு விலை. பணம் அனுப்பும் நிறுவனம் தரும் விலை வேறு, அதற்கு மேல் கட்டணமும் உண்டு. உண்மையில் என்ன விலை கிடைத்தது என்று பார்க்க, கையில் வந்த ரூபாயை, கட்டணம் உட்பட அங்கே கட்டிய மொத்த டாலரால் வகுங்கள். கூகுள் விலையை அதோடு ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு: “சைன்(30)” என்று அடித்தால் 0.5 வராது, -0.988 வரும். டிகிரி என்று சொல்லாவிட்டால் அது ரேடியனில் எடுத்துக்கொள்ளும். 30-க்குப் பின் ‘டிகிரீஸ்’ சேருங்கள், அல்லது பொத்தான்களில் டிகிரியை அழுத்திவிட்டுத் தொடங்குங்கள். ‘லாக்’ என்பது 10-ஐ அடியாகக் கொண்டது, இயற்கை மடக்கைக்கு ‘எல்என்’.

12. சரிபார்த்து எழுதி வைப்பது

வந்த விடையைத் திருப்பிப் போடுங்கள். ஏக்கரை ஹெக்டேராக்கி, தொடங்கிய எண் வருகிறதா என்று பாருங்கள். மாற்றத்தில் இருக்கும் தவறை இது பிடித்துவிடும். 1.05-ஐ 1.5 என்று அடித்த தவறைப் பிடிக்காது. அதற்குத்தான் மேல் வரியையும் துண்டுத் தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

கால்குலேட்டரில் பழைய கணக்குகளைக் காட்டும் கடிகாரச் சின்னம் ஒன்று உண்டு. பக்கத்தைப் புதுப்பித்தாலோ மூடினாலோ அந்தப் பட்டியல் போய்விடும். வேண்டிய விடையை அலகோடு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

உருட்டுவதைக் கடைசிப் படியில் மட்டும் செய்யுங்கள். மேலே பார்த்த 30.89 சென்ட்டை, ‘சரி, 31’ என்று சொல்லிவிட்டு மறுபடி 435.6-ஆல் பெருக்கினால் 13,503.6 சதுர அடி வரும். இருக்கும் நிலமோ 13,454.9. சதுர அடி ஆயிரம் ரூபாய் என்று பேசியிருந்தால், அந்த ஒரு உருட்டலின் விலை 48,700 ரூபாய்.